பொழுதுபோக்கு ட்ரோன்: எடை பார்ப்பதிலிருந்து இறக்கி வைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் 2 கிலோவுக்கு உட்பட்ட ட்ரோனைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிறவர்களுக்கான வழிகாட்டி இது. விதிகள் என்று இங்கே சொல்வதெல்லாம் 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளையும் அதன் பிறகு வந்த திருத்தங்களையும் ஒட்டியவை. எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டிலிருந்து.

ஸ்டிக்கைக் கையாளப் பழகுவது ஒரு வாரத்து வேலை. இன்றைய ட்ரோன் கையை எடுத்தால் தானே நின்று மிதக்கும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது வரிசையில்தான். வாங்குகிறார்கள், சார்ஜ் போடுகிறார்கள், இருநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி ஓர் இடத்துக்குப் போகிறார்கள், அங்கே நின்றுகொண்டு எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் வரைபடத்தைத் திறக்கிறார்கள். சிவப்பு, அதாவது தடை. அவ்வளவு தூரம் வந்தவருக்கு "சும்மா ஐந்து நிமிஷம்தானே" என்று தோன்றாமல் இருக்காது. ஆகவே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் எடை

சமையலறைத் தராசு ஒன்று போதும். பேட்டரி, மெமரி கார்டு, ப்ரொப்பல்லர், அதைச் சுற்றி மாட்டும் பாதுகாப்பு வளையமான ப்ரொப்பல்லர் கார்டு, ஒட்டிய விளக்கு என்று பறக்கும்போது எதெல்லாம் மேலே இருக்குமோ அதையெல்லாம் மாட்டி எடை போடுங்கள். சட்டம் கணக்கில் எடுப்பது அந்த மொத்த எடையைத்தான். பெட்டியில் அச்சடித்த எண்ணை அல்ல.

250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 முதல் 25 கிலோ வரை ஸ்மால்; வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் பெரும்பாலும் இந்த வகை.

இதில் தவறு நடப்பது 249 கிராம் ட்ரோன்களில். ப்ரொப்பல்லர் கார்டு மாட்டினாலே எல்லை தாண்டிவிடும். கூடுதல் நேரம் பறக்கும் பெரிய பேட்டரியைப் போட்டாலும் அப்படித்தான். அந்த நிமிடம் முதல் அது மைக்ரோ. நானோவுக்கு இருந்த விலக்குகள் உங்களுக்குப் பொருந்தாது. பயிற்சிக் காலத்தில் ப்ரொப்பல்லர் கார்டு தேவை என்றால் மைக்ரோவாகவே கருதிக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

வாங்கும் முன்பே ஒரு விஷயம். முழுமையாகத் தயாரான வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி 2022 பிப்ரவரி 9 முதல் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறை போன்றவற்றுக்குத்தான் விலக்கு. ஊருக்கு வரும் உறவினரிடம் சொல்லிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்வது சுங்கத்தில் பொருளை விட்டுவிட்டு வரும் வழி.

2. பதிவு, காப்பீடு, சான்றிதழ்

மூன்றும் வெவ்வேறு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் குழப்பம்.

யுஐஎன் என்பது ட்ரோனுக்கான பதிவு எண். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் இணையச் சேவையில் டி-2 படிவம் நிரப்ப வேண்டும். கட்டணம் 100 ரூபாய். நானோவாக இருந்தாலும் பதிவு செய்துவிடுங்கள். படிவத்தில் ட்ரோன், அதன் ஃப்ளைட் கன்ட்ரோலர் (உள்ளே இருந்து பறப்பைக் கட்டுப்படுத்தும் பாகம்), ரிமோட் ஆகியவற்றின் வரிசை எண்களைக் கேட்பார்கள். பெட்டியைக் குப்பையில் போடுவதற்கு முன் இவற்றைப் படம் எடுத்து வையுங்கள். பழுதுபார்க்கும்போது ஃப்ளைட் கன்ட்ரோலரோ ரிமோட்டோ மாறினால் பதிவிலும் அதைத் திருத்த வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பழைய ட்ரோன் வாங்கினால், விற்பவரின் பெயரில் உள்ள யுஐஎன்னை டி-3 படிவம் மூலம் உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகு பணம் கொடுங்கள். அது விழுந்து யாருக்காவது அடிபட்டால் அந்த எண் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் தேடுவார்கள். இது விற்பவருக்கும் சேர்த்துச் சொல்வது.

மூன்றாம் நபர் காப்பீடு மைக்ரோவுக்குக் கட்டாயம். நானோவுக்கு விலக்கு உண்டு. உங்கள் ட்ரோன் உடைந்தால் பணம் தரும் காப்பீடு வேறு, அடுத்தவர் கார் கண்ணாடி உடைந்தால் தரும் காப்பீடு வேறு. சட்டம் கேட்பது இரண்டாவதை.

ரிமோட் பைலட் சான்றிதழ் நானோவுக்கு வேண்டாம். மைக்ரோவுக்கு, வணிக நோக்கம் இல்லாதவரை வேண்டாம். நண்பனின் கல்யாணத்தில் ஆசைக்குப் பறக்கவிடுவதும் ஸ்டூடியோ சொல்லிக் காசுக்குப் பறக்கவிடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் படித்து வாங்கிய சான்றிதழ் வேண்டும். 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியவர்கள் சேரலாம். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும்.

விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை.

3. வரைபடத்தை வீட்டிலேயே பாருங்கள்

ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் நாடு முழுவதற்குமான வான்வெளி வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும் அதைப் பார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. போன மாதம் பச்சையாக இருந்தது என்பது பதிலாகாது.

பச்சை என்றால் தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி வரை, தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம். அதற்கு மேலே மஞ்சள் தொடங்குகிறது. மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் முடியாது.

விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 கி.மீ.க்கும் 12 கி.மீ.க்கும் இடைப்பட்ட வளையத்தில் பச்சை உண்டு, ஆனால் 60 மீட்டர் வரைதான். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த வளையத்தில். வரைபடத்தில் பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டு, தொட்டுப் படிக்காமல், 120 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நிறத்தைப் பார்த்தபின் அந்த இடத்தைத் தொட்டு உயர வரம்பைப் படியுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். களத்தில் போலீஸ்காரர் வந்து கேட்டால் காட்ட அது உதவும்.

8 கி.மீ.க்குள் அனுமதியில்லாமல் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மீனம்பாக்கம் நிலையத்தோடு தாம்பரம் விமானப்படைத் தளமும் சேர்வதால் தென்சென்னையின் பெரும்பகுதி அடிபட்டுப் போகிறது. மெரினாவுக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் அதன் வடக்கே தலைமைச் செயலகமும் கடற்படைத் தளமும் இருப்பதை மறந்துவிடக் கூடாது. கோவையில் பீளமேடு, சூலூர் இரண்டும் அடுத்தடுத்து. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம். ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து. கல்பாக்கம், கூடங்குளம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தற்காலிகச் சிவப்பு என்று ஒன்றும் உண்டு. எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை சிவப்பாக அறிவிக்கலாம். முக்கியப் பிரமுகர் வருகை, பெரிய திருவிழா என்றால் இதை எதிர்பாருங்கள். ஆட்சியரின் தடை உத்தரவு வரைபடத்தில் ஏறாமல் செய்தித்தாளில் மட்டும் வருவதும் உண்டு. முதல்நாள் இரவு உள்ளூர்ச் செய்தியை ஒரு முறை புரட்டிவிடுங்கள்.

4. வரைபடம் காட்டாதவை

பச்சை என்றால் சட்டம் தடுக்கவில்லை என்றுதான் பொருள். அங்கே வேறு யார் பறக்கிறார்கள் என்பதை நிறம் சொல்லாது.

ஆள் இருக்கும் விமானங்கள் திறந்த வெளியில் பொதுவாகத் தரையிலிருந்து 500 அடிக்கு மேல் பறக்க வேண்டும். நமக்கு 400 அடி. இடையில் 100 அடி இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த 500 அடிக் கணக்கு பொருந்தாது. ஹெலிகாப்டர் வயலில்கூட இறங்கும். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பயிற்சி என்றாலே தாழ்வாக, திரும்பத் திரும்ப, ஒரே பகுதியில். கடற்கரையில் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் கரையை ஒட்டி வரும். இவற்றின் நேரத்தை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

விமானங்களைக் காட்டும் கைப்பேசிச் செயலிகளை நம்பி இருக்காதீர்கள். ராணுவ ஹெலிகாப்டர் அதில் தெரியாமல் போகலாம். தெரிவதும் சில நொடிகள் தாமதமாக. செயலி ஒன்றைக் காட்டினால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் காட்டாவிட்டால் அதற்குப் பொருளே இல்லை.

பொங்கல் சமயத்தில் பொள்ளாச்சியில் வெப்பக் காற்று பலூன் திருவிழா நடக்கும். பலூன் ஓட்டுபவர் ஏற்றலாம், இறக்கலாம். பக்கவாட்டில் திருப்ப முடியாது, காற்று கொண்டுபோகும் பக்கம்தான் போவார். எங்கே இறங்குவார் என்பது அவருக்கே முன்கூட்டித் தெரியாது. ஏலகிரி போன்ற இடங்களில் பாராகிளைடர் பறப்பதுண்டு. அதில் இஞ்சின் சத்தமே இல்லை. ஒரு மெல்லிய கயிறு ப்ரொப்பல்லரில் சிக்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. இந்த இரண்டும் நடக்கும் நாட்களில், அந்தப் பகுதியில் ட்ரோனைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். ஓரமாக, தாழ்வாக என்றெல்லாம் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம்.

டெல்டா பக்கம் இப்போது வயலுக்கு வயல் மருந்து தெளிக்கும் ட்ரோன்கள். பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில்தான் போகும் என்றாலும் மருந்து தீர்ந்தால் உயர எழும்பித் திரும்பி வரும். ஓட்டுபவரின் கண் வரப்பில் இருக்கும், வானத்தில் இருக்காது. நேரே போய், "அண்ணே, எத்தனை மணிக்கு முடிப்பீங்க?" என்று கேட்டு, அவர் முடித்த பிறகு எடுங்கள். அவர் வேலைக்கு வந்தவர், நாம் விளையாட வந்தவர்கள்.

கோயில்கள், கோட்டைகள்: இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் உள்ள மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களில் துறையின் அனுமதி தனியாக வேண்டும். சரணாலயங்களில் வனத்துறை. வான்வெளி பச்சையாக இருப்பது இந்த அனுமதிகளுக்கு ஈடாகாது.

5. எவ்வளவு உயரம்? இறங்க ஆகும் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

சட்டம் தரும் உயரம் ஓர் எல்லை. உங்கள் உயரத்தை நீங்கள் வேறு கணக்கில் முடிவு செய்ய வேண்டும்: ஏதாவது வந்தால் எத்தனை நொடியில் தரைக்கு வர முடியும்?

சிறிய ட்ரோன்கள் பல, சாதாரண மோடில் நொடிக்கு 3 மீட்டர்தான் இறங்கும். 120 மீட்டரிலிருந்து தரைக்கு வர 40 நொடி. சத்தம் கேட்டு, புரிந்து, ஸ்டிக்கை இழுக்க இன்னொரு 5 நொடி. மணிக்கு 185 கி.மீ. வேகத்தில் வரும் ஹெலிகாப்டர் நொடிக்கு 51 மீட்டர் கடக்கும். 45 நொடியில் ஏறக்குறைய 2.3 கி.மீ. அத்தனை தூரத்திலேயே உங்களுக்கு அது கேட்டிருக்க வேண்டும். எதிர்க்காற்றிலும் போக்குவரத்து இரைச்சலிலும் கேட்காது.

60 மீட்டரில் பறந்தால் அதே கணக்கு 25 நொடி, 1.3 கி.மீ. என்று சுருங்குகிறது. படத்தின் அழகில் 60க்கும் 120க்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. பெரும்பாலான நல்ல காட்சிகள் 20 முதல் 50 மீட்டருக்குள் கிடைக்கின்றன. ஆகவே செயலியில் அதிகபட்ச உயரத்தை 60 என்று பூட்டிவிட்டு, காரணம் இருக்கும்போது மட்டும் கூட்டுங்கள்.

உங்கள் ட்ரோனின் உண்மையான இறங்கு வேகத்தை ஒருநாள் சோதியுங்கள். 50 மீட்டரில் நிறுத்தி, ஸ்டிக்கை முழுவதும் கீழே இழுத்து, 10 மீட்டர் வரும்வரை நொடி எண்ணுங்கள். 40ஐ அந்த நொடியால் வகுத்தால் வேகம். நேர்க்கீழாக வேகமாக இறங்கும்போது ட்ரோன் தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே விழுந்து தள்ளாடும். கொஞ்சம் முன்னோக்கியும் நகர்த்திக்கொண்டே இறக்கினால் அந்தத் தள்ளாட்டம் குறையும்.

மலையில் இன்னொரு சிக்கல். திரையில் தெரியும் உயரம் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிட்டது. ட்ரோனுக்கு நேர்கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று 30 மீட்டர் ஏற்றி வெளியே செலுத்தினால், திரை 30 என்று காட்டும். தரையோ 400 மீட்டர் கீழே இருக்கலாம். விதிப்படி அது அனுமதியற்ற உயரம். தெரியாமலே மீறுகிற விதிகளில் இதுதான் முதலிடம். மலையில் சரிவை ஒட்டியே பறக்கவிடுங்கள். விளிம்பைத் தாண்ட வேண்டாம்.

6. முதல்நாள் மாலை, வீட்டில்

ஃபர்ம்வேர் அப்டேட், செயலி அப்டேட், வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்குதல் மூன்றையும் வைஃபை இருக்கும்போதே முடியுங்கள். களத்தில் திறக்கும்போது "அப்டேட் செய்தால்தான் பறக்கும்" என்று நிற்கும் ட்ரோன்கள் உண்டு. அப்டேட் ஆனபின் அமைப்புகள் சில பழைய நிலைக்குப் போயிருக்கும். குறிப்பாகத் திரும்பி வரும் உயரம்.

அந்தத் திரும்பி வரும் உயரம், அதாவது ஆர்டிஎச், தனியாகப் பேச வேண்டியது. சிக்னல் போனாலோ பேட்டரி குறைந்தாலோ ட்ரோன் முதலில் இந்த உயரத்துக்கு ஏறும், பிறகுதான் கிளம்பிய இடம் நோக்கி வரும். தாழ்வாக வைத்தால் மரத்தில் மோதும். உயரமாக வைத்தால் நீங்கள் 20 மீட்டரில் பறக்கவிட்டுக்கொண்டிருக்கும் ட்ரோன் சொல்லாமல் 100 மீட்டருக்கு எழும்பும். தென்னை 20 முதல் 25 மீட்டர், கைப்பேசிக் கோபுரம் 40 மீட்டருக்கு மேல், ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 72 மீட்டர். பறக்கும் வட்டத்துக்குள் உள்ள மிக உயர்ந்த பொருளோடு 15 மீட்டர் கூட்டி வையுங்கள். இடம் மாறும்போதெல்லாம் மாற்றுங்கள். ஒருமுறை வைத்ததை ஆயுளுக்கும் விட்டுவிடுவது எல்லோரும் செய்யும் தவறு.

பேட்டரிகளை முதல்நாள் இரவு சார்ஜ் செய்யுங்கள். ஒரு வாரம் முன்பு அல்ல. லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் உப்பும். லேசாக உப்பியிருந்தாலும், மேசையில் வைத்தால் ஆடினாலும், அதை ஒதுக்கிவிடுங்கள். ரிமோட்டுக்கும் கைப்பேசிக்கும் சார்ஜ் பார்க்க மறப்பவர்கள் நிறைய.

ப்ரொப்பல்லர் நான்கையும் விரல் நகத்தால் ஓரம் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் மாற்றுங்கள். சிறிய வெட்டுகூட அதிர்வை உண்டாக்கும். படம் குலுங்குவதில் தொடங்கி மோட்டார் பேரிங் வரை கெடுக்கும். மாற்றும்போது குறியீட்டைப் பார்த்து மாட்டுங்கள். இடம்சுழி ப்ரொப்பல்லரை வலம்சுழி மோட்டாரில் மாட்டினால் கிளம்பிய நொடியிலேயே குப்புற விழும்.

7. களத்தில், கிளப்பும் முன்

போனவுடன் பெட்டியைத் திறக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். மின்கம்பி எங்கே போகிறது, பருந்து வட்டமிடுகிறதா, யாராவது காற்றாடி விடுகிறார்களா. மாஞ்சா நூல் கேமராவில் தெரியவே தெரியாது.

காற்றைத் தரையில் வைத்து மதிப்பிடாதீர்கள். 50 மீட்டர் மேலே அது இன்னும் பலமாக இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உள்ள பொள்ளாச்சி, கோவைப் பக்கமும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் ஆடிக்காற்றில் சிறிய ட்ரோனை எடுக்கவே வேண்டாம். கோடையில் கடற்கரை என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். கடற்காற்று தொடங்கிய பிறகு அது ட்ரோனைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கிளப்பும் இடம் இரும்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். மொட்டை மாடியில் கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. காரின் பானெட் முழுக்க இரும்பு. அங்கே வைத்து காம்பஸ் சரிசெய்தால், மேலே போனதும் ட்ரோன் திசை குழம்பி வட்டமடிக்கும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். வெறும் மண்தரையில், மடக்கும் பாய் ஒன்றை விரித்து வையுங்கள். புழுதி மோட்டாருக்குள் போகாமலும் இருக்கும்.

ரிமோட்டை முதலில் போடுங்கள், பிறகு ட்ரோனை. நிறுத்தும்போது தலைகீழாக. ட்ரோனுக்கு எப்போதும் கட்டளை தர ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த வரிசை.

செயற்கைக்கோள் எண்ணிக்கை 10, 12 என்று ஏறி, ஹோம் பாயின்ட் (ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடம்) பதிவானது என்று திரையில் வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டுக் கிளப்பினால், செயற்கைக்கோள் கிடைக்கும் இடத்தை அது ஹோம் என்று பதிந்துகொள்ளும். அது ஏரிக்கு மேலாக இருந்தால், ஆர்டிஎச் ட்ரோனை ஏரியில் இறக்கும்.

துணைக்கு ஒருவரை நிறுத்துங்கள். திரையைப் பார்க்கக் கூடாது, வானத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லி நிறுத்துங்கள். சத்தம் கேட்டால் என்ன, எந்தத் திசை என்பதை மட்டும் உரக்கச் சொன்னால் போதும். ட்ரோன் எடுக்கும் படத்தைப் பார்க்க வருபவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

8. பறக்கும்போது

முதலில் தலைமட்டத்தில் அரை நிமிடம் நிறுத்துங்கள். நகர்கிறதா, மோட்டார் சத்தம் மாறுகிறதா, நான்கு திசைக்கும் ஸ்டிக் சரியாகக் கேட்கிறதா. ஏதாவது பிசகினால் இந்த உயரத்தில் விழுவது நல்லது.

முதலில் எதிர்க்காற்றில் போங்கள், திரும்பும்போது காற்று பின்னால் இருக்கட்டும். காரணம் எளிய கணக்கு. நொடிக்கு 10 மீட்டர் போகும் ட்ரோன், நொடிக்கு 6 மீட்டர் காற்று. காற்றோடு 400 மீட்டர் போக 25 நொடி ஆகும். அதே தூரம் திரும்ப 100 நொடி. பேட்டரி பாதி இருக்கும்போது திரும்பினேன், வழியிலேயே தீர்ந்துவிட்டது என்பவர்களின் கதை இதுதான்.

கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வைத்திருங்கள். சிறிய ட்ரோன் 150 மீட்டர் தாண்டினாலே முகம் எந்தப் பக்கம் என்று தெரியாது. புள்ளியாகத் தெரிவது போதாது. மற்றொரு விமானத்துக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று சொல்லத் தெரிய வேண்டும். திரையை மூன்று நான்கு நொடிக்கு மேல் தொடர்ந்து பார்க்காதீர்கள்.

பேட்டரி 50 சதவீதத்தில் திரும்பத் தொடங்குங்கள், 30இல் தரையில் இருக்க வேண்டும். பெட்டியில் எழுதிய 30 நிமிடம் காற்று வீசாத இடத்தில் அளந்தது. அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

9. ஹெலிகாப்டரோ விமானமோ வந்தால்

வழிவிட வேண்டியவர் எப்போதும் நீங்கள். விதியும் அதைத்தான் சொல்கிறது, பௌதிகமும் அதைத்தான் சொல்கிறது. விமானியால் உங்கள் ட்ரோனைப் பார்க்க முடியாது. பார்த்தாலும் விலக நேரம் இருக்காது.

செய்ய வேண்டியது ஒன்று: நின்ற இடத்திலேயே உடனே கீழே இறக்குங்கள். கீழே வயலோ புதரோ இருந்தாலும் பரவாயில்லை. ஆட்கள் நிற்கும் இடம் மட்டும் கூடாது. மரத்தின் உயரத்துக்குக் கீழே வந்தபிறகு, வானம் அமைதியானபின், மெதுவாக உங்களிடம் கொண்டுவரலாம். ட்ரோன் சேற்றில் விழுந்தாலும் அது உங்கள் பணத்தோடு போயிற்று.

செய்யக் கூடாதது, பயத்தில் எல்லோருடைய விரலும் போகும் இடம்: ஆர்டிஎச் பொத்தான். அதை அழுத்தினால் ட்ரோன் முதலில் மேலே ஏறும். ஹெலிகாப்டர் வரும் உயரத்துக்கு நீங்களே அனுப்பி வைக்கிறீர்கள். தெரியாமல் அழுத்திவிட்டால் அதே பொத்தானை மறுபடி அழுத்தியோ திரையில் ரத்து செய்தோ நிறுத்தி, கீழே இழுங்கள். இதை முன்கூட்டியே பழகிவைப்பது நல்லது. பதற்றத்தில் திரையில் தேட முடியாது.

பக்கவாட்டில் விலகப் பார்ப்பதும் தவறு. வருவது எந்தப் பாதையில் என்று உங்களுக்குத் தெரியாது. சத்தமும் ஏமாற்றும். 2 கி.மீ. தூரத்துச் சத்தம் உங்கள் காதுக்கு வர ஏறத்தாழ 6 நொடி ஆகும். அதற்குள் ஹெலிகாப்டர் 300 மீட்டர் நகர்ந்திருக்கும். சத்தம் வரும் திசையில் தேடினால் காலி வானம்தான் இருக்கும். அதற்கு முன்னால், அது போகும் பக்கமாகத் தேடுங்கள். ஆனால் முதலில் இறக்குங்கள், பிறகு தேடுங்கள்.

படமெடுக்க நினைக்கவே வேண்டாம். போய்விட்டது என்றும் உடனே ஏற்ற வேண்டாம். ஒன்று வந்தால் பின்னால் இன்னொன்று வரலாம். அதே ஹெலிகாப்டர் வட்டமடித்துத் திரும்பலாம். குறைந்தது பத்து நிமிடம் தரையில் வைத்திருங்கள்.

10. பருந்தும் காகமும்

பறவை விரட்டினால் மட்டும் மேலே ஏறுவது உதவும். பருந்து மேலிருந்து பாய்ந்து தாக்கும் பறவை. நேர்மேலாக வேகமாக ஏற அதற்குக் கடினம். நல்ல உயரம் எடுத்து, விலகி, பிறகு தள்ளி இறக்குங்கள். ஆனால் 120 மீட்டர் எல்லை அப்போதும் உண்டு. கூடு கட்டும் காலத்தில் ஒரே மரத்தைச் சுற்றி மீண்டும் மீண்டும் தாக்கினால், இடத்தை மாற்றுங்கள். அது அதன் வீடு.

மீன் காயவைக்கும் கடற்கரை, குப்பைக் கிடங்கு, இறைச்சிக் கடைப் பக்கம் எடுக்காதீர்கள். பறவைகள் அங்கேதான் கூடும்.

11. இறக்கிய பின்

மோட்டார் நின்றதும் ட்ரோனை அணையுங்கள், பிறகு ரிமோட்டை. பேட்டரி சூடாக இருக்கும்போது சார்ஜில் போடாதீர்கள். இருபது நிமிடம் நிழலில் ஆறட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரி வைப்பது மதுரைக் கோடையில் தீ வைப்பதற்குச் சமம்.

அடுத்த சில நாள் பறக்கவிடப் போவதில்லை என்றால் பேட்டரியை 40 முதல் 60 சதவீதத்தில் வைத்து மூடுங்கள். முழுதாக நிரப்பியும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது.

ஒரு நோட்டில் தேதி, இடம், வரைபட நிறம், எந்த பேட்டரி, எத்தனை நிமிடம், என்ன கோளாறு என்று எழுதுங்கள். பேட்டரிகளுக்கு எண் ஒட்டுங்கள். எந்த பேட்டரி திடீரென்று 40லிருந்து 20க்கு விழுகிறது என்பது நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிசிஏவுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன், ட்ரோனை எடுத்துத் துடைத்து வைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, விழுந்த இடத்தையும் ட்ரோனையும் அப்படியே படம் எடுங்கள். பறப்புப் பதிவுக் கோப்பை வேறு இடத்தில் சேமியுங்கள்; அதற்குப் பிறகு செயலியை அப்டேட் செய்யாதீர்கள். காப்பீட்டு நிறுவனமும் அந்தக் கோப்பைத்தான் முதலில் கேட்கும்.